கேட்டலும் கிரகித்தலும்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் அரங்கிலே நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)





இம்மேடையிலே எமக்கு முன் பேசியோர் சமயத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் அரிய கருத்துக்களைக் கூறி அமர்ந்தனர். எமக்கு வாய்த்த பொருளோ ஆங்கிலத் தகைமைப் பரீட்சை. மண்டபத்துக்குள் நுழையும்போதே பெரியவர் ஒருவர் எம்மை மறித்து, "தம்பி, சைவ வாலிபர் மன்றத்திலே இங்கிலீசுப் பரீட்சைக்கு என்ன வேலை?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வியே. அதற்குரிய விடையை இப்பேச்சின் இறுதியிலே கூற எண்ணியிருக்கின்றோம். அதுவரை அவர் பொறுமையோடிருப்பாராக.

எமது நண்பர் ஒருவரின் கதையோடு தொடங்குகின்றோம். அவர் கடல் கடந்து மேற்படிப்புக்குச் செல்ல விரும்பினார். அவர் விரும்பிய கல்வி நிலையம் ஒரு நிபந்தனை விதித்தது. ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்னும் ஆங்கிலப் பரீட்சையிலே கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கு பிரிவுகளுள் எதிலும் 6 புள்ளிக்குக் குறையலாகாது என்பதே அந்நிபந்தனை. அவர் பேசுதலில் 6.5, வாசித்தலில் 6, எழுதுதலில் 6 பெற்றார். கேட்டலில் 5.5 பெற்றார். சராசரி 6 வந்தும் பயனில்லாது போயிற்று. அரைப் புள்ளி! அந்த அரைப் புள்ளிக்காக அவருடைய தாயார் தமது சங்கிலியை அடைவு வைத்தார். மறுமுறை எழுதினார், மீண்டும் 5.5. மூன்றாம் முறையும் அதுவே.

"வகுப்புக்குப் போனீரே, அங்கே என்ன படித்தீர்?" என்று அவரைக் கேட்டோம். "கிழமைக்கு இரண்டு மாதிரித் தாள் செய்வோம். விடைகளை வாசிப்பார்கள். சரியானவற்றை எண்ணுவோம்" என்றார். "பிழைத்தவற்றை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டோம். அவர் சற்று யோசித்துவிட்டு, "அடுத்த தாளுக்குப் போய்விடுவோம்" என்றார்.

அன்பர்களே! இந்த ஒரு விடையிலேதான் நம் இளைஞர் பலருடைய துன்பம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. கிணற்று நீரைக் கயிறு விட்டு அளந்துகொண்டே இருந்தால் நீர் பெருகுமா? இறைத்துச் சேறு வாரினாலன்றோ ஊற்றுக்கண் திறக்கும்! நம்மவர் நாள்தோறும் அளக்கின்றனர், இறைப்பவர் சிலரே. அளப்பது வேறு, பழகுவது வேறு என்பதே இன்று யாம் வற்புறுத்த விரும்பும் முதற் கருத்து.

இனி அப்பரீட்சையின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறுவோம். பிரிட்டிஷ் கவுன்சில், ஐ.டி.பி., கேம்பிறிட்ஜ் ஆகிய மூன்று நிறுவனங்களும் கூடி நடத்தும் இப்பரீட்சை 1989 ஆம் ஆண்டிலே இப்பெயரோடு தொடங்கியது. 0 முதல் 9 வரை, அரைப் புள்ளிகளோடு கூடிய அளவுகோலில் பெறுபேறு தரப்படும்.

கேட்டற் பிரிவில் நான்கு பகுதிகள். பகுதிக்கு 10 ஆக 40 வினாக்கள். முதலாவது, வீடு வாடகைக்குப் பிடித்தல், வகுப்பிற் சேர்தல் போன்ற அன்றாடக் காரியம் பற்றி இருவர் உரையாடுவது. இரண்டாவது, ஓர் இடத்தையோ வசதியையோ பற்றி ஒருவர் விளக்குவது. மூன்றாவது, மாணவரும் ஆசிரியரும் படிப்பைப் பற்றிக் கலந்து பேசுவது. நான்காவது, ஒருவர் நிகழ்த்தும் விரிவுரை. எல்லாம் ஏறக்குறைய 30 நிமிடம். ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் கேட்கலாம். அதன்பின் விடைகளைத் தாளிலே பெயர்த்தெழுதுவோருக்கு 10 நிமிடமும், கணினியிலே எழுதுவோருக்குச் சரிபார்க்க 2 நிமிடமும் உண்டு.

வாசிப்புப் பிரிவோ 60 நிமிடம். உயர்கல்விக்குரிய தாளிலே மூன்று நீண்ட பகுதிகள்; எல்லாமாக 2,150 முதல் 2,750 சொற்கள் வரை; வினாக்கள் 40. பெயர்த்தெழுதத் தனி நேரமில்லை. இவ்விரு பிரிவுகளிலும் பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை. ஆகவே எந்த வினாவையும் வெறுமையாக விடுதல் அறியாமை. 40 இற்கு 23 சரியானால் ஏறக்குறைய 6 புள்ளி. 30 சரியானால் 7. 35 சரியானால் 8. 6 இலிருந்து 7 இற்கு ஏற ஏழே ஏழு வினாக்கள்தாம் வேண்டும் என்பதை மனத்தில் இருத்துங்கள்.

எமது சொந்த அநுபவத்தையும் மறைக்கப் போவதில்லை. முதன்முதல் ஒரு மாதிரித் தாளைப் பரீட்சை முறைப்படி நேரம் வைத்துக் கேட்டபோது 40 இற்கு 19 பெற்றோம். மிஷன் பாடசாலையிலே பன்னிரண்டு வருடம் படித்தவர்கள் நாம். காலைக் கூட்டத்திலே ஆங்கிலச் செபமும் ஆங்கிலப் பாட்டும் கேட்டு வளர்ந்தவர்கள். 19 என்றவுடன் வெட்கமாயிற்று. "எமக்குச் சொல்வளம் போதாது" என்று தீர்மானித்து, அகராதியை எடுத்து நாளுக்கு 20 சொல் மனனம் செய்யத் தொடங்கினோம். ஒரு மாதத்தின் பின் மற்றொரு தாள் கேட்டோம். 20 பெற்றோம்! அறுநூறு சொல் படித்து ஒரு புள்ளி!

அப்போதுதான் பழைய தாளை எடுத்து, தவறிய 21 வினாக்களையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏன் தவறினோம் என்று ஒரு கொப்பியிலே எழுதினோம். சொல் தெரியாமையால் தவறியவை 6. சொல் தெரிந்தும் எழுத்துப் பிழையாலோ பன்மை விகுதியை விட்டதாலோ தவறியவை 5. பேசியவர் முதலில் ஒன்று கூறிப் பின் அதை மாற்ற, நாம் முதலாவதையே பற்றிக்கொண்டதனால் தவறியவை 4. மீதி 6 எவ்வாறு தவறின? முந்திய வினாவைத் தவற விட்டோமே என்று வருந்திக் கொண்டிருந்தபோது அடுத்த விடை காற்றோடு போயிற்று! ஆக, 21 இல் 15 பிழைகளுக்கு அகராதி மருந்தன்று. நோயை அறியாது மருந்து குடித்தோம்.

ஆகவே இளைஞர்களுக்கு நாம் கூறும் முதல் உபாயம் ஒரு பிழைக் கொப்பி. சரியான விடை ஆசிரியரைப் போல. அது எம்மைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். பிழைத்த விடையே குருவைப் போல. அது எமது குறையைக் காட்டி நிற்கும்.

நமது செவிக்கு ஆங்கிலம் ஏன் கடினமாகின்றது? காரணங்கள் மூன்று எமக்குத் தோன்றுகின்றன.

முதலாவது, ஒலியின் ஏற்ற இறக்கம். தமிழிலே சொல்லின் அசைகள் ஏறக்குறைய எல்லாம் செவியில் விழும். ஆங்கிலத்திலோ ஓரசை அழுத்தம் பெற, அண்டையிலுள்ளவை நலிந்துபோகும். மரக்கறியைக் குறிக்கும் சொல்லை நாம் "வெஜிட்டபிள்" என்று எழுத்துக் கூட்டிப் படிக்கின்றோம். ஒலிப்பதிவிலே "வெஜ்டபிள்" என்று வருகின்றது. எழுத்தையே எதிர்பார்க்கும் செவி ஏமாறுகின்றது. "தேர்ட்டீன்", "தேர்ட்டி" என்னும் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னையதில் அழுத்தம் பின்னசையிலும், பின்னையதில் முன்னசையிலும் விழுவது இயல்பு. அதைக் கவனியாதவர் 30 ரூபாவை 13 ரூபாவாக எழுதுவர். மேலும் இங்கிலாந்தவர் மட்டுமன்றி அவுஸ்திரேலியர், நியூசிலாந்தவர், வட அமெரிக்கர் பேச்சும் இப்பரீட்சையில் வரும். ஒரே நாட்டார் பேச்சை மட்டும் கேட்டுப் பழகியவர் இடர்ப்படுவர்.

இரண்டாவது, வாக்கியத்தின் அடைவு. தமிழிலே வினைமுற்று இறுதியில் வரும். "வந்தான்" என்றோ "வரவில்லை" என்றோ கடைசிச் சொல்லே கூறும். அதனால் வாக்கியம் முடியுமட்டும் காத்திருப்பது நம் பழக்கம். ஆங்கிலத்திலே வினையும் மறுப்பும் முன்னரே வந்துவிடும். பெயருக்குரிய விளக்கமோ பெயரின் பின்னால் வரும். "நேற்றுக் கடையில் வாங்கிய புத்தகம்" என்று நாம் சொல்வதை அவர்கள் "புத்தகம்" என்று தொடங்கியே சொல்வர். நாம் இறுதிக்காகக் காத்திருக்க, அவர்கள் தொடக்கத்திலேயே பொருளைச் சொல்லி முடித்துவிடுகின்றனர். ஆங்கிலம் கேட்கும்போது முதற் சொற்களிலேயே செவியைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, சிறு விகுதிகள். பன்மை காட்டும் "ஸ்" ஒலி மெல்லியது; நம் பேச்சிலே பலமுறை விழுந்துவிடும். பரீட்சையிலோ அது விழுந்தால் விடையே விழுந்துவிடும். "இரு சொற்களுக்கு மேற்படாமல் எழுதுக" என்று விதித்திருக்க மூன்று சொல் எழுதினாலும் அதே கதிதான்.

இனிப் பழகும் முறை. இதனைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நமது சித்தாந்த சாத்திரம் ஞானத்துக்குக் கூறும் படிகள் நான்கு: கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல். பெரிய பொருளுக்குக் கூறியதைச் சிறிய பொருளுக்கு எடுத்தாள்வதைப் பெரியோர் பொறுத்தருளுக.

முதலிற் கேட்டல். ஐந்து நிமிடப் பகுதி ஒன்றைப் பரீட்சையிற் போல ஒரே முறை கேட்டு விடை எழுதுங்கள். கேட்கத் தொடங்குமுன் வினாக்களை வாசிக்கத் தரும் நேரத்திலே, விடை எண்ணா, பெயரா, இடமா, காலமா என்று ஊகித்து வையுங்கள். ஒரு விடை தவறினால் அதை விட்டுவிடுங்கள். பற்றறுத்தல் என்பதை நாம் பரீட்சை மண்டபத்திலேதான் முதலிற் கற்றோம்!

அடுத்துச் சிந்தித்தல். விடைகளைப் பாராமல் அதே பகுதியை மீண்டும் கேட்டு, ஐயமான இடங்களைக் குறியுங்கள். "செவ்வாய்க்கிழமை வரலாமா?" என்று ஒருவர் கேட்க, "அன்று வேலை இருக்கிறது, வியாழனாகட்டும்" என்று மற்றவர் கூறுவார். செவ்வாய் என்று எழுதியவர் ஒலியைக் கேட்டவர். வியாழன் என்று எழுதியவரே பொருளைக் கேட்டவர்.

பின்னர்த் தெளிதல். எழுத்து வடிவத்தைத் திறந்து, விடைக்குரிய வாக்கியத்தின் கீழே கோடிடுங்கள். தவறிய காரணத்தைக் கொப்பியிலே பதியுங்கள்.

இறுதியாக நிட்டை. தாளையும் பேனையையும் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே தெளியும்வரை அப்பகுதியைக் கேளுங்கள். ஒரு நிமிடப் பகுதியைச் சொல்லுக்குச் சொல் எழுதிப் பாருங்கள். பேசுபவரைப் பின்பற்றி உரத்துச் சொல்லியும் பாருங்கள். நாவுக்கு வந்த ஒலி செவிக்குத் தப்பாது. ஐந்து நிமிடப் பகுதிக்கு இவ்வாறு ஒரு மணித்தியாலம் செல்லும். "ஒரு மணித்தியாலத்தில் இரண்டு தாள் முடிக்கலாமே" என்பீர்கள். முடிக்கலாம், எமது நண்பர் முடித்தார்.

இதற்குச் செலவு அதிகமில்லை. கேம்பிறிட்ஜ் அச்சகம் வெளியிடும் மாதிரித் தேர்வு நூல் ஒவ்வொன்றிலும் நான்கு முழுத் தாள்களும் ஒலிப்பதிவின் எழுத்து வடிவமும் உள்ளன. நால்வர் கூடி ஒன்று வாங்கலாம். பீ.பீ.சீ. நிறுவனத்தார் ஆங்கிலம் கற்போருக்காக வெளியிடும் ஆறு நிமிட உரையாடல்கள் எழுத்து வடிவோடு இணையத்திலே இலவசமாகக் கிடைக்கின்றன. வேடிக்கை பார்க்கும் கைத்தொலைபேசியிலே இதனையும் பார்க்கலாமன்றோ?

வாசிப்புக்கு வருவோம். நிமிடத்துக்கு 100 சொல் வாசிப்பவருக்கு அம்மூன்று பகுதிகளையும் ஒரு முறை வாசிக்கவே 22 முதல் 28 நிமிடம் வரை செல்லும். மீதி நேரத்திலே 40 வினாக்களுக்கு விடை தேட வேண்டும். 150 சொல் வாசிப்பவருக்கு 15 முதல் 18 நிமிடம் போதும். ஆகவே வேகம் வேண்டும். ஆனால் வேகம் ஓடுவதனால் வருவதன்று. நாள்தோறும் வாசிப்பதனால் வருவது. நம் ஊர் வாசிகசாலையிலே ஆங்கிலப் பத்திரிகை மடிப்புக் குலையாமற் கிடக்கின்றது. ஒரு நாளைக்கு ஓர் ஆசிரிய தலையங்கம் வாசித்தால் ஓர் ஆண்டில் எத்தனை ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

வாசிப்பு வினாக்களின் இரகசியம் ஒன்று உண்டு. பகுதியிலுள்ள சொற்கள் வினாவிலே பெரும்பாலும் அப்படியே வருவதில்லை. அதே பொருள் வேறு சொல்லிலே வரும். சொல்லைத் தேடுபவர் ஏமாறுவர். பொருளைத் தேடுபவர் அடைவர். இஃது ஆங்கிலேயருக்கே உரிய வித்தை என்று எண்ணற்க. நமது உரையாசிரியர்கள் பதவுரை, பொழிப்புரை, கருத்துரை என்று வகுத்து வைத்தது எதற்காக? சொல்லின் பொருளைக் கேட்கும் வினாவுக்குப் பதவுரை வேண்டும். ஒரு வாக்கியத்தை வேறு சொல்லிலே கூறிப் பொருந்துமா என்று கேட்கும் வினாவுக்குப் பொழிப்புரை வேண்டும். பந்திக்குத் தலைப்புத் தெரிந்தெடுக்கும் வினாவுக்குக் கருத்துரை வேண்டும். ஒரு செய்யுளுக்கு இம்மூன்றையும் எழுதிப் பழகிய தமிழ் மாணவன் ஆங்கிலப் பந்திக்கு ஏன் அஞ்ச வேண்டும்? பந்திக்கு ஒரு வரியாகத் தமிழிலேயே கருத்துரை எழுதிப் பாருங்கள். எழுத முடியாத பந்தி விளங்காத பந்தி என்று அறிந்துகொள்ளலாம்.

எல்லாவற்றிலும் இடர் தருவது ஒரு வகை வினா. ஒரு கூற்றைத் தந்து, "சரி", "பிழை", "கூறப்படவில்லை" என்னும் மூன்றிலொன்றை எழுதச் சொல்லுவர். ஓர் உதாரணம் கூறுவோம்:

"காலை 7 மணிக்குத் தேர் புறப்பட்டது. இடையிலே பெருமழை பெய்தமையால், வழக்கமாக நண்பகலில் இருப்புக்கு வரும் தேர் அன்று மாலை 4 மணிக்கே வந்து சேர்ந்தது."

இப்போது மூன்று கூற்றுக்கள். "மழையினால் தேர் தாமதித்தது": சரி. "தேர் அன்று நண்பகலில் இருப்புக்கு வந்தது": பிழை, பகுதி அதனை மறுக்கின்றது. "மழையினால் அடியார் கூட்டம் குறைந்தது": இதற்கு என்ன விடை? மழை பெய்தால் கூட்டம் குறையும் என்பது நாம் அறிந்தது. ஆனால் பகுதி அதைப் பற்றிச் சொன்னதா? இல்லை. ஆகவே "கூறப்படவில்லை" என்பதே விடை. மறுப்பது வேறு, மௌனம் வேறு. காட்சி, கருதல், உரை என்று நம்மவர் அளவைகளை வகுத்தனர். இவ்வினாவிலே நம் கண்ட அநுபவமும் செல்லாது. தொலைதூரக் கருதலும் செல்லாது. முன்னே கிடக்கும் உரை ஒன்றே செல்லும். நண்பர்களே, இது பரீட்சைக்கு மட்டும் வேண்டிய பயிற்சியன்று. ஒருவர் சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு ஊரிலே எத்தனை சண்டைகள் நடக்கின்றன!

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். சைவ மன்றத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஆறுமுக நாவலர் அவர்கள் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலம் கற்றவர். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றவர். அங்கே கற்ற முறைகளையே கொண்டு 1847 இல் வண்ணார்பண்ணைக் கோயிலிலே பிரசங்கம் தொடங்கினார். 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். படிப்படியாக ஏறும் பாலபாடங்களை எழுதினார். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலே படித்த விபுலாநந்த அடிகள் 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920 இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியானார். 1947 இல் யாழ்நூலைத் தந்தார். அவர்களுக்கு ஆங்கிலம் ஒரு வாயில். அவ்வாயிலாலே வெளியேயும் போனார்கள், வீட்டுக்கும் திரும்பினார்கள்.

வெளிநாடு செல்வோருக்கு மட்டும் இதனைக் கூறவில்லை. தமிழிலே உயர்தரம் வரை படித்துச் சர்வகலாசாலைக்குள் நுழைந்த முதற் கிழமையிலே, ஆங்கில விரிவுரையிற் பாதி விளங்காது நாம் பின்வாங்கிலே தலைகுனிந்திருந்தோம். எமது பக்கத்திலே கிராமத்துப் பாடசாலையொன்றிலிருந்து வந்த கெட்டிக்கார மாணவன் ஒருவன். கணிதத்திலே எம்மை வெல்பவன். அவன் ஒரு மாதம் வரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விளங்காதவன் எதைக் கேட்பான்? நமது மொழியிலே செவியால் அறிவதற்கும் கேள்வி என்றே பெயர். வினாவுவதற்கும் கேள்வி என்றே பெயர். முன்னையது இல்லாதவனுக்குப் பின்னையதும் இல்லாமற் போகின்றது.

இன்னுமொன்றை வெட்கத்தோடு கூறுகின்றோம். பாடசாலையிலே ஆங்கிலச் செபத்தைப் பன்னிரண்டு வருடம் சொன்னோம், பொருள் அறியோம். வீட்டிலே தேவாரத்தைப் பன்னிரண்டு வருடம் பாடினோம். அதன் பொருளும் அறியோம். இரண்டும் எமக்கு ஒலியாகவே நின்றன. நான்கு மாதம் ஆங்கிலம் கேட்டுப் பழகியபின், ஒருநாள் மாலைப் பூசையிலே ஓதுவார் பதிகம் பாடினார். முதன்முறையாகச் சொற்கள் தனித்தனியே பிரிந்து எம் செவியில் விழுந்தன. இத்தனை காலமும் பாடிய பாட்டிலே இப்படியொரு பொருளா என்று திகைத்து நின்றோம். அந்நிய மொழிக்காகத் தீட்டிய செவி சொந்த மொழியைத் திறந்து தந்தது. பொருளுணர்ந்து ஓதுக என்று பெரியோர் ஏன் வற்புறுத்தினர் என்பது அன்றுதான் விளங்கிற்று. ஐயா, தங்கள் கேள்விக்கு இதுவே எமது விடை.

மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம். நம் கோயில்களிலே புராண படனம் நடக்கும் முறை யாவரும் அறிந்ததே. ஒருவர் செய்யுளைப் பதம் பிரித்து வாசிப்பார், மற்றொருவர் பயன் சொல்லுவார், சபையார் கேட்டிருப்பர். வாசித்தல், கேட்டல், கிரகித்தல் மூன்றும் அங்கே ஒருங்கே நடக்கின்றன. அதே முறையிலே, சனிக்கிழமை தோறும் மாலையில் ஒன்றரை மணித்தியாலம் இம்மண்டபத்தைத் தாருங்கள். முதல் 10 நிமிடம் ஒரு கேட்டற் பகுதி. அடுத்த 20 நிமிடம் அவரவர் பிழையை ஆராய்தல். 30 நிமிடம் ஒரு வாசிப்புப் பகுதி. இறுதி 30 நிமிடம் ஒருவர் பந்தியை வாசிக்க, மற்றவர் தமிழிலே பயன் சொல்லுதல். கட்டணம் வேண்டாம். முன்னே படித்தவர் பின்னே வருபவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். அடைவு வைக்கச் சங்கிலியில்லாத தாய்மாரின் பிள்ளைகளும் நம்மிடையே இருக்கின்றனர் என்பதை மறவாதிருப்போம்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். "இம்முறை வரும் வினாக்கள்" என்று விலை பேசுவோர் வருவர். அவர்களிடம் செல்லற்க. கள்ளத்தாற் பெற்ற புள்ளி பரீட்சை மண்டபத்தின் வாசல் வரைக்குமே வரும். விரிவுரை மண்டபத்துக்குள்ளே கூட வராது.

எமது நண்பரைப் பற்றிக் கூறி முடிக்கின்றோம். அவர் இன்று இச்சபையிலே இருக்கின்றார். மூன்று மாதமாக நாமிருவரும் ஒரு திண்ணையிலே இவ்வாறு பழகி வருகின்றோம். எமது கணக்கு 19, 20, 24, 24, 23, 27, 31 என்று ஏறியும் இறங்கியும் வந்தது. அவருடையது 26 இலே இரண்டு கிழமை நின்று, சென்ற சனிக்கிழமை 28 ஆயிற்று. அடுத்த மாதம் நான்காம் முறை எழுதப் போகின்றார். பெறுபேறு எதுவாயினும் ஒன்று நிச்சயம்: இப்போது அவர் அளப்பவரல்லர், இறைப்பவர். இறைத்த கிணறு ஊறும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை.

நீங்கள் கேட்டீர்கள், இனிச் சிந்திப்பதும் தெளிவதும் உங்கள் பொறுப்பு.

மேன்மைகொள் மன்றமும் அதன் பணிகளும் ஓங்குக!